ஏழு ஷார்ட் கார்னர்

மார்ச் 12, வியாழன். இன்றைய பிழை: இருபது நாற்காலி போதும் என்று சொல்லிவிட்டேன். வந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல். ஹாக்கிப் பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

அதற்குமேல் எழுதவிடாமல் அம்மா கூப்பிட்டாள். தங்கை நோட்டை மூடினாள். மாலை வகுப்பில் வீடியோ தொகுக்கக் கற்றுத்தருபவர் போட்ட விதி அது: தினமும் ஒரு பிழை, மறுநாளுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். ஐந்து மாதமாக ஒரு நாளும் விட்டதில்லை. நேற்றைய பக்கம் மட்டும் காலி. நேற்றுக் காலை பத்து மணிக்கு அக்கா இறந்துபோனாள்.

உள்ளறையில் அம்மா இரண்டு டிராக்சூட் ஜாக்கெட்டுகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி நின்றாள். சாயம் போன பச்சை, அக்கா பன்னிரண்டு வருடம் ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தபோது போட்டது. நீலம், கால்பந்துக் கிளப் கொடுத்தது.

"எதடி போடறது அவளுக்கு?"

"கடைசியா எதப் போட்டிருந்தா?"

"உன் நைட்டிய."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சட்டென்று கதவைச் சாத்தினாள். பிறகு பச்சையைப் போட்டார்கள். கட்டிலில் வைத்த நீலத்தை யாரும் மடிக்கவில்லை.

முழங்கால் போனபிறகு அக்கா ஆறு மாதம் வீட்டில் கிடந்தாள். ஊர்க் கிளப்பின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, எங்கே எப்படி கோல் வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்காமலே பன்னிரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். மறுநாளே கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். அக்காவின் கைப்பேசியில் அவர் பெயர் 'மொட்டை'. நான்கு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எதிரணியின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் குறித்து, மொட்டைக்கு அறிக்கை கொடுப்பதே அவள் வேலை. நோய் முற்றிய கடைசி மூன்று வாரம் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத் தங்கை தட்டச்சு செய்தாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்து, போய், எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. மொட்டை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்த ஹாக்கிப் பொண்ணுங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே! அவங்க டீச்சர நான் திருடிட்டுப் போன மாதிரி."

"திருடிட்டுத்தானே சார் போனீங்க."

"அது சரி." செருப்பு கிடைத்தும் அவர் போட்டுக்கொள்ளவில்லை. "முதல் மாசம் எங்க பசங்க அவளப் படுத்தின பாடு! வாயத் தொறந்தா ஹாக்கி பாஷைதான் வரும். ஒருநாள், 'அவங்களுக்கு ஒரு ஷார்ட் கார்னர்கூட குடுக்காதீங்கடா'ன்னுட்டா. ஹாக்கில அது தண்டனையாம். எங்க ஆட்டத்துல ஷார்ட் கார்னர்னா வேற."

"கால்பந்துலயும் ஷார்ட் கார்னர் இருக்கா?"

"இருக்கே. மூலைக் கொடிகிட்டேருந்து பந்த உள்ள தூக்கி அடிக்காம, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தட்டி விடறது. பேரு மட்டும் ஒண்ணு. பசங்க ஒரு மாசம் சிரிச்சானுங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தைய அவ தப்பா சொன்னதே இல்ல."

தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை. காலையிலிருந்து அக்கா அவளைத் தன் பழைய ஹாக்கி அணிக் கோல்கீப்பரின் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியபடியே அறிக்கையின் கடைசி இரண்டு வரிகளைச் சொன்னாள்: "எதிரணிக்கு மொத்தம் பதினொரு கார்னர். அதுல ஏழு ஷார்ட் கார்னர்." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். ஷார்ட் கார்னர் ஹாக்கிச் சொல் என்பது தங்கைக்குத் தெரியும். பாவம், மனசு பழைய மைதானத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தாள். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. இரண்டாவது வரியை அழித்துவிட்டு அனுப்பினாள்.

ஏழு மணிக்கு அக்கா விழித்துக் கேட்டாள். "அனுப்பிட்டியா?"

"ம்."

"எதுவும் மாத்தலையே? மாத்தினா கீழ உன் பேரப் போடணும். அதான் நம்ம ரூல்."

"எதுவும் மாத்தலக்கா."

"சமத்து," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் தெளிவாக எதுவும் பேசவில்லை.

"கடைசி அறிக்கைல கார்னர் பத்தி ஒண்ணுமே பிரிச்சு எழுதல," என்று மொட்டை சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் எழுதுவா. பரவால்ல, அந்த நிலைமைல அவ எழுதினதே பெரிசு. விட்டுப்போச்சு, அவ்வளவுதான்."

தலையாட்டிவிட்டால் போதும். அவர் போய்விடுவார்.

"அவ விடல சார். சொன்னா. பதினொண்ணுல ஏழு ஷார்ட் கார்னர்னு சொன்னா. நாந்தான் உளர்றான்னு நெனச்சு அழிச்சேன்."

மொட்டை அவளையே பார்த்தார். "ஏழா?"

"ஏழு."

"ஏழு..." அவர் முகம் ஒரு கணம் மைதானத்தில் இருப்பவர் முகமாக மாறியது. பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை ஆட்டம். நாளைக்குப் பத்து மணிக்குப் பசங்களுக்குக் காட்டணும். உன்னால வெட்டித் தர முடியுமா? முடியலன்னா..."

"முடியும்னு நினைக்கிறேன் சார்."

அவர் போனபிறகு, தங்கை அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பதினொரு கார்னரையும் ஒவ்வொன்றாக ஓட்டினாள். தன்மேல் நம்பிக்கை இல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஏழு. ஏழு முறையும் கொடியருகே இரண்டாவது ஆள் மெல்ல நடந்து வந்தான், யாருமே அவனைப் பார்க்கவில்லை.

அம்மா தேநீரை வைத்துவிட்டு, "என்னடி அது?" என்றாள்.

"அக்கா வேலை."

அம்மா நீல ஜாக்கெட்டை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டுப் போனாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை நோட்டைத் திறந்தாள். நாற்காலி வரிகளின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

இன்றைய பிழை: செவ்வாய்க்கிழமையுடையது.

நாளைய வேலை: ஏழு துண்டுகளையும் வெட்டி ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டும். அழித்த வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். கீழே என் பெயரைப் போட வேண்டும்.