முப்பத்தைந்து கிலோ அரிசி

சிதம்பரத்தை ஒட்டிய அந்தக் கிராமத்தில் அன்று விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுக்கும் முகாம். அந்த எண் இல்லாதவர்கள் இனிமேல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட முடியாது என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். எண் வாங்கினாலோ, நிலம் கணக்கில் ஏறி ரேஷன் அரிசி நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. "வடலூர்ல எங்க நாத்தனாருக்கு நிறுத்திட்டாங்க" என்று பக்கத்து வீட்டுச் சந்திரலேகா சொன்னதிலிருந்து சௌந்தரத்துக்கு அதே பயம்தான். புருஷன் இறந்துபோன பிறகு, மாதம் வரும் அந்த முப்பத்தைந்து கிலோவில்தான் மூன்று பிள்ளைகளின் வயிறும் நிறைகிறது. புருஷன் வீட்டாரின் கூட்டுப் பட்டாவில் அவள் பங்கு நிலம் அரைக் காணி, ஒரு ஏக்கர்கூட வராது. ஒரு மழை சேர்த்துப் பெய்தால் அதில் பதர்கூட மிஞ்சாது.

டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"இந்த நம்பர வாங்குனா அரிசிய நிறுத்திடுவாங்களாம்மா?"

"தெரியலம்மா. எங்கள பதியத்தான் சொல்லியிருக்காங்க. இந்தக் கூட்டுப் பட்டால உங்க பங்கு எவ்ளோ?"

சௌந்தரத்துக்கு வீட்டு அரிசிப்பானை கண்ணுக்குள் வந்து நின்றது.

"எனக்குப் பங்கெல்லாம் இல்லம்மா. எல்லாம் எங்க மச்சாண்டாருதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமுவது கேட்டது. வரிசையில் அடுத்த ஆளாக நின்றவர் அந்த மச்சாண்டாரேதான், புருஷனின் அண்ணன் பழனிவேல். வரப்புத் தகராறில் நான்கு வருடமாக அவள் முகத்தில் விழிக்காதவர்.

"ஆமாம்மா" என்றார் அவர் அந்தப் பெண்ணிடம், வெகு பணிவாக. "அவுங்க வாயாலயே சொல்லிட்டாங்க. எழுதிக்குங்க."