அவசரக்காரர்கள் வந்திறங்கிய தெரு

சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் தெருவில் ஒரு கோடையின் தொடக்கத்தில் பிறந்த பெண் குழந்தை, அந்தக் கோடை முடிவதற்குள் பால்பல் விழுந்து பள்ளிக்கூடம் போனாள். காரணம் ஊரறிந்ததுதான். வந்தவர்களுக்கு எதற்கும் நேரமில்லை. கோட்டையையும் கடலையும் ஒரே பகலில் பார்த்தாக வேண்டும். போதாத நேரத்தைத் தெருக்காரர்களின் ஆயுளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பாவம், தெரிந்து எடுக்கவில்லை. தையல்கடைக்காரர் பிள்ளைகளுக்கு அளவெடுப்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பெரிதாகவே தைத்துக் கொடுத்தார்.

குழந்தையின் அம்மா மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருந்தாள். பயணிகளைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, டாக்டர் வந்தார், பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போயிருந்த புருஷனும் வீடு வந்து சேர்ந்தான். ஆனாலும் மேலே படுக்கை விரிப்புகளை மாற்றிவிட்டுக் கீழே வருவதற்குள் மகளின் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும். பிள்ளை எப்போது மழலை பேசியது என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூட நினைவில் இல்லை. அன்று விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ரயிலிலும் டவுன் பஸ்ஸிலுமாக ஒரு பெண்மணி வந்து ஒரு மாதம் தங்கினாள். தன் விரிப்பைத் தானே துவைத்தாள், படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். அவள் இருந்தவரை கவுன் அசையவில்லை. அவள் போன மறுநாளே அம்மா வாசலில் பலகை மாட்டினாள்: ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தங்குபவர்களுக்கு அறை கிடையாது.

"ஒரு மாசம் இங்க உக்காந்து எவன் என்னத்தப் பாக்கப் போறான்? பொழப்புல மண்ணள்ளிப் போடாத" என்றான் புருஷன்.

"எம் பொண்ண நான் இன்னும் சரியாப் பாக்கவே இல்லைங்க."

அறைகள் காலியாகக் கிடந்தன. அவன் பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கித் தூசு தட்டினான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அவசரமில்லாதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. பெட்டி பரணுக்குத் திரும்பியது.

எதிர்வீட்டுக்காரர்கள் பேருந்தில் வருபவர்களுக்கு அறை கொடுப்பதை நிறுத்தவில்லை. இவள் மகள் பிறந்த அதே நாளில் அங்கேயும் ஒரு பெண் பிறந்திருந்தாள். ஒருநாள் அவள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். இரட்டைச் சடை ஆட ஓடி வந்த மகள், "வாங்கக்கா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?"

"எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க அத்தை."

தெருமுனையில் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டது. அம்மா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.