அகல முனை

முதலில் ஒல்லிப் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தாள். கீறியது, மை இறங்கவில்லை. முனையைத் தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றிவிட்டு மறுபடி எழுதினாள். வேண்டும். அதற்குக் கீழேயே, வேண்டாம். இரண்டும் இரண்டாகத் தெரிந்தன. கண் மங்கியவர்கூட ஒன்றை மற்றொன்றாகப் படிக்க முடியாது.

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். வண்டிக்காகக் காத்திருந்தார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவனுடைய அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் மூன்று பேனாக்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் மைப் பேனாக்கள். நிப் மட்டும் வேறு மாதிரி. நுனி கூராக இராது, உளிபோலத் தட்டையாக வெட்டியிருக்கும். கீழே இழுத்தால் பட்டையாகவும் பக்கத்தில் இழுத்தால் இழையாகவும் எழுதும். இட்டாலிக் நிப் என்பான் தம்பி. அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வான்: ஒன்று புள்ளி ஒன்று, ஒன்றரை, ஒன்று புள்ளி ஒன்பது. வீட்டில் யார் மண்டையிலும் அது ஏறாமல் ஒல்லி, நடுவுளான், குண்டன் என்று பெயர் விழுந்துவிட்டது.

"விலை ஒசந்த பேனா நல்லா எழுதினா அதுல என்னக்கா ஆச்சரியம்? அது அதோட கடமை. இந்த மாதிரி அற்பப் பேனா நல்லா எழுதினாத்தான் மனசு நிறையுது" என்பான். விடுமுறை நாளில் ஒரே வாக்கியத்தை மூன்றிலும் எழுதி அவள் முன்னால் நீட்டுவான். "எது அழகு, சொல்லு."

"மூணும் ஒரே கிறுக்கல்தான்டா. போய்க் கையக் கழுவு."

குண்டனைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தான். "இவனுக்குப் பெரிய எழுத்துதான்க்கா சரிப்படும். சின்னதா எழுதினா எழுத்தோட சந்துபொந்தெல்லாம் அடைச்சுக்கும்."

அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் நேற்று அதைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டபின் அவனால் பேச முடியவில்லை. எழுதித்தான் காட்டினான். தம்பி மனைவி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூச்சு மோசமானது. டாக்டர் அவன் காதருகே குனிந்து உரக்கக் கேட்டார். "சார், மறுபடியும் தொண்டையில குழாய் போட்டு மிஷின்ல வெக்கணும். போன தடவை பட்டது உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை திரும்ப எடுக்க முடியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. போடலாமா? உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

அவன் விரலை அசைத்துப் பேனா கேட்டான். அவள் பையைத் துழாவினாள். ஒல்லி மை காய்ந்து கிடந்தது. குண்டன் கையில் தட்டுப்பட்டது. அழுத்தாமலே தாராளமாக எழுதும், பலமில்லாத கைக்கு அதுதான் லாயக்கு என்று அந்த நொடியில் தோன்றியது. மூடியைக் கழற்றி அவன் விரல்களுக்குள் வைத்து, துண்டுக் காகிதத்தை அட்டையோடு பிடித்துக்கொண்டாள்.

கையை நகர்த்தத் தெம்பில்லாமல் எறும்பளவுக்கு எழுதினான். பேசுகிற மாதிரி 'வேணும்' என்று எழுதியிருந்தால் இந்த வினையே இல்லை. அவன் எழுத மாட்டான். பேனா பிடித்தால் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்லும் சீட்டில்கூட எழுத்துத் தமிழ்தான். 'டு' என்றால் கீழ்க்கோடு அப்படியே வளைந்து மேலே ஏறும். 'டா' என்றால் கையை எடுத்துவிட்டுக் காலைத் தனியே போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை வெளி. அந்த வெளியில் மை நிரம்பியிருந்தது.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"வேண்டாம்னு."

சட்டென்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமலும் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் காகிதத்தைச் சரியாகப் பார்த்தாள். அப்போது தம்பி கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. பேனாவைத்தான் திரும்பக் கேட்டானோ என்ற எண்ணம் அவளுக்கு வந்தபோது டாக்டர் திரைச்சீலையை இழுத்து அவளை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார். அந்தத் துண்டுக் காகிதம் படுக்கை விரிப்போடு போயிற்றோ, குப்பையோடு போயிற்றோ, பிறகு கிடைக்கவில்லை.

இப்போது குண்டனை எடுத்தாள். சின்னதாக எழுதினாள். வேண்டும். அடைத்துக்கொண்டது. வேண்டாம். அதுவும் அடைத்துக்கொண்டது. நேற்றுப் பார்த்தது இதில் எது? வலது ஓரம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்ததே. மறுபடி எழுதினாள். நடுவுளானிலும் எழுதினாள். எழுத எழுத நேற்றைய எழுத்து கண்ணிலிருந்து நழுவிப் போவதை உணர்ந்தாள். அந்த இடத்தில் அவளுடைய கிறுக்கலே வந்து உட்கார்ந்தது. நேற்று தான் படித்தது அவன் எழுத்தையா, தன் களைப்பையா? ஆஸ்பத்திரி நாற்காலியில் முதுகு ஒடிந்துபோய், அவன் இருமலுக்குத் தன் விலா வலித்து, இது முடிந்தால் தேவலை என்று ஒரு கணம்கூட நினைக்காமலா இருந்தாள்? அப்படி நினைத்தவள் படிப்பாள் என்று நம்பித்தான் எழுதியிருந்தான்.

கதவுக்கு அப்பால் அலுவலக நண்பரின் குரல் கேட்டது. "எங்க மேனேஜருக்கு இவன் ஒரு நிப்பு வாங்கிக் குடுத்தான். அந்தாளு அதுல செக்குல கையெழுத்தப் போட்டா பேங்க்ல திருப்பி அனுப்பிட்டான், இது உங்க கையெழுத்தே இல்லன்னு. 'யோவ் மைக்கூடு, என்னய எனக்கே ஆள்மாறாட்டம் பண்ணிட்டியே'ன்னு மனுஷன் அலறினாரு பாருங்க." யாரோ சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு இருமினார்கள்.

கதவு திறந்தது. தம்பி மனைவி. அழுது வீங்கிய முகம், வாரிக்கொள்ளாத தலை. எழுதிக்கொண்டிருந்தவள் காகிதத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தாள். மை ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"இங்கயா இருக்கீங்க அண்ணி? சித்தப்பா தேடுறாரு. வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சாம்."

"வரேம்மா. இதெல்லாம் மூடி வெக்கலாம்னு வந்தேன். காஞ்சு போயிடும்ல."

"காயட்டும். இனி யாரு எழுதப் போறா." சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரம் பேனாக்களையே பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? போன வாரம் என்கிட்ட, புதுசா ஒரு நிப்பு வருதாம், வாங்கணும்னு எழுதிக் காட்டினாரு. அப்படிப்பட்ட மனுஷன் வேண்டாம்னா சொன்னாரு?"

அவள் ஒல்லியை எடுத்து மூடியைப் போட்டாள்.

"சந்தேகப்பட்டுக் கேக்கல. டாக்டரும் சொன்னாரு, அவரே கைப்பட எழுதினாருன்னு. அத ஒண்ணத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இல்லன்னா, ஏன் குழாய் போடல, நான் வர்ற வரைக்கும் ஏன் வெச்சிருக்கலன்னு உங்களத்தான் காலம் பூரா குடைஞ்சுக்கிட்டு இருப்பேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காகிதத்தப் பாத்தாப் போதும்னு இருக்கு. அதையும் தொலைச்சுட்டாங்க. எப்படி எழுதியிருந்தாரு? நீங்கதான பாத்தீங்க. எழுதிக் காட்டுங்களேன்."

"இப்ப என்னத்துக்கும்மா அது."

"எழுதுங்க அண்ணி."

வெளியே சித்தப்பா நாற்காலிகளை ஓரம் கட்டச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று இப்போது சொல்லிவிடலாம். நான் படித்தது தப்பாக இருக்கலாம் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். எதிரே அந்தப் பெண்ணின் கால்கள் தரையில் படாமல் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள், இரண்டும் வெவ்வேறு ஜோடி.

புதுத் தாள் ஒன்றை இழுத்தாள். குண்டனைப் பிடித்தாள். பெரிய எழுத்தாக, இடம் விட்டு, அவசரமில்லாமல் எழுதினாள். 'டா'வின் காலை, கையை எடுத்து, தனியாக, நன்றாகத் தள்ளிப் போட்டாள்.

"இவ்வளவு பெருசாவா?"

"ம்."

"இவ்வளவு தெளிவாவா?"

"ஆமாம்மா."

தம்பி மனைவி தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். "அவரு எழுத்து மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. சித்தப்பா இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். தம்பி மனைவி எழுந்திருக்கவில்லை. தாளை முகத்தருகே வைத்து, எழுத்து கலைந்துவிடாமல் மெல்ல ஊதினாள். மை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.