கண்ணாடிக்கு மேலே இருந்த முகம்

"ஏங்கண்ணு, உனக்கு எந்தப் பாட்டுப் போடட்டும்?"

நான் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன முதல் நாள் டிரைவர் தம்பிதுரை அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. சிங்காநல்லூரிலிருந்து உக்கடம் போகும் தனியார் பஸ். டிரைவருக்குப் பக்கவாட்டில் இருக்கும் நீளமான சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். அன்று பஸ்ஸிலும் அதே தொண்டை, அதே அடைப்பு. கண்ணீர் வழிந்த என் முகத்தை அவர் பார்த்தார். பதிலுக்குக் காத்திருக்காமல் தானே ஒரு பாட்டைப் போட்டார்.

தறி ஓடுகிற சத்தமே தாளமாக வரும் பாட்டு அது. பாடியவர் அமிர்தவல்லி. ராமநாதபுரம் ஸ்டாப் வருவதற்குள் எனக்கு அழுகை நின்றிருந்தது.

அந்த பஸ்ஸில் பெரும்பாலும் அமிர்தவல்லிதான் பாடுவார். முன்கண்ணாடிக்கு மேலே முருகன், பண்ணாரி அம்மன் படங்களுக்கு அடுத்து அவருக்கும் ஒரு படம் இருந்தது. சிவப்புப் பட்டுப்புடவை, பெரிய கண்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. தினமும் காலையில் சாமிக்கு வாங்கும் பூவில் ஒரு முழம் அந்தப் படத்துக்கும் போகும். "என்ற சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராத்திரியெல்லாம் இந்தம்மா பாட்டுத்தான். இல்லீன்னா எனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கும்" என்று ஒருமுறை கண்டக்டர் சரவணனிடம் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த சம்சாரம் பிழைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை அமிர்தவல்லி இறந்துபோனார். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே செய்தியைப் பார்த்தேன். செய்தியில் ஒரு படமும் இருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட, குள்ளமான, நரைத்த ஒரு அம்மா. பருத்திப் புடவை. மைக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார். பெரிய கண்களும் இல்லை, சாய்ந்த சிரிப்பும் இல்லை.

வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே அம்மாதான். பஸ்ஸில் தினமும் பூ போட்ட படத்தில் இருப்பது அவர் பாட்டுகளுக்குத் திரையில் வாயசைத்த நடிகை. அந்த நடிகை உயிரோடு இருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸின் நெற்றியில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, முன்பக்கம் முழுக்க ஒரு ஃபிளக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. நடுவில் அந்த நடிகை சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் தம்பிதுரை அண்ணனும் சரவணனும் சின்ன வட்டங்களுக்குள் கைகூப்பி நின்றார்கள்.

"எப்படி இருக்குது? ராத்திரியே சொல்லி அடிச்சு வாங்கிப்போட்டேன்" என்றான் சரவணன். "உக்கடத்துல எல்லா வண்டிக்காரங்களும் வாராங்க. நம்ம வண்டி முன்னாலதான் மாலை போடறது, சூடம் கொளுத்தறது எல்லாம்."

அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

உக்கடத்தில் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அத்தனை டிரைவர்களும் சிரிப்பார்கள். வகுப்பில் எழுந்து நின்றவள் நான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் அதற்கு நடுவில் நிற்கக் கூடாது. இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கமான சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பழனியாத்தாள் அம்மா கீரைக் கூடையோடு ஏறினார். தினமும் ராமநாதபுரத்தில் இறங்குபவர். அண்ணன் தினமும் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நிறுத்துவார், அவரும் தினமும் திட்டிக்கொண்டேதான் இறங்குவார்.

"ஐயோ பாவம், எத்தன லட்சணமான புள்ள! இந்தக் கண்ணே பாடறாப்பல இருக்குது" என்றார் ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு.

அண்ணன் இன்ஜினைப் போட்டார்.

"அண்ணா, அது அவங்க இல்லீங்ணா."

என் குரல்தான். எனக்கே அந்நியமாக இருந்தது.

"பேசுது பாரு! பேசாமடந்தை வாயத் தொறந்தா இப்படித்தான் தொறக்கோணுமா?" என்றார் பழனியாத்தாள். "எத்தன வருசமா பூப் போடறாரு, அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

"அவங்க நடிகைங்ணா. பாட்டுக்கு வாயசைச்சவங்க. உசுரோட இருக்காங்க." போனை நீட்டினேன்.

சரவணன் எட்டிப் பார்த்தான். தன் போனிலும் தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "ஐயய்யோ, ஆமாங்ணா. உசுரோட இருக்கறவங்களுக்கு அஞ்சலி போட்டுப்போட்டமே!"

"அட ஆமா சாமி!" பழனியாத்தாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நேத்துக்கூட டீவியில மொளகாத்தூள் விக்க வந்தாளே! நானே பார்த்தனே!"

பின்சீட்டில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். என் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"இவங்களா?" என்றார். "ரேசன் கடையில நமக்கு முன்னால நின்னிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காதே." பிறகு, "செருப்பைக் கழட்டிப் போட்டுல்ல பாடறாங்க" என்றார்.

சரவணன் அந்தப் பழைய படத்தைக் கழற்றக் கையை நீட்டினான்.

"உடு. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? இருந்துட்டுப் போவட்டும். மொதல்ல அந்த ஃபிளக்ஸத் திருப்பிக் கட்டு."

அதன் பின்பக்கம் வெறும் வெள்ளை. புதிதாக அடிக்க எந்தக் கடையும் அந்நேரத்துக்குத் திறந்திருக்காது. புறப்படும் நேரம் ஆகிவிட்டதென்று டைம்கீப்பர் விசில் ஊதினார்.

"சும்மா வெள்ளையாவா போறது? ஏதாச்சும் எழுதோணுமே. என்ற எழுத்துக் கோழி கிளறுன மாதிரி இருக்கும்" என்றான் சரவணன்.

குடோனில் துணிக் கட்டுகளின் மேல் கடைப் பெயர் எழுதுவதுதான் என் வேலை. பையில் தடித்த மார்க்கர் இருந்தது. யாரும் பார்க்காமல் நான் எழுதி வைத்திருப்பவை நிறைய உண்டு. ஊரே பார்க்க எழுதியதில்லை. இறங்கிப் போய் பஸ்ஸின் முன்னால் நின்றேன். யோசிக்க நேரமில்லாதது நல்லதாகப் போயிற்று.

'அமிர்தவல்லி அம்மா, உங்க முகம் எங்களுக்குத் தெரியலீங்க. ஆனாலும் தினமும் எங்ககூட வேலைக்கு வந்தீங்க. அழுதவங்களை அழாம இறக்கி விட்டீங்க. ரொம்ப நன்றிங்க.'

அண்ணன் இறங்கி வந்து படித்தார். தன் கழுத்துத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாமிக்கு வாங்கிய பூவை முழுவதுமாக அந்த எழுத்துகளுக்கு மேலே கட்டினார்.

சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, இப்பவாச்சும் சொல்லு. எந்தப் பாட்டுப் போடட்டும்?"

"மொத நாள் போட்டதுங்ணா."

"மொத நாள் என்ன போட்டேன்னு எனக்கெங்க கண்ணு ஞாவகம்?"

"தறிச் சத்தத்தோட வருமே, அதுங்ணா."

தறி ஓடத் தொடங்கியது. பஸ் கிளம்பியது. எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாத அந்தக் கண்ணாடிபோட்ட அம்மா வெறுங்காலோடு நின்று பாடுவதை அன்று முதல் முறையாக மனதுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டேன். பாட்டு இன்னும் நன்றாக இருந்தது.

பாட்டில் லயித்து அண்ணன் ராமநாதபுரம் ஸ்டாப்பை வழக்கத்தைவிட வெகுதூரம் தாண்டித்தான் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அவருக்கே உறைத்தது. திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பழனியாத்தாள் கூடையோடு இறங்கினார். சாலையைக் கடக்க பஸ்ஸின் முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். முன்கண்ணாடி வழியே அவர் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறார் போல, உதடுகள் மெல்ல அசைந்தன. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அண்ணன் பஸ்ஸை நகர்த்தவில்லை.

படித்து முடித்துவிட்டுக் கண்ணாடி வழியே அண்ணனை நிமிர்ந்து பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை திட்டாமல் சாலையைக் கடந்து போனார்.