பின்னறையில் பட்டன்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று கல்யாணத்துக்கு முன்னால் எல்லோரும் சொல்வார்கள். அல்சூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே வருஷத்தில் நன்றாகவே வந்துவிட்டது. அப்படிச் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலி ஜோசஃபினுடையது. கல்யாணமானதும் என் வேலைக்கு மாமியார் முற்றுப்புள்ளி வைத்தார். ஐம்பத்தாறில் ஜோசஃபினின் குடும்பம் பிரேசர் டவுன் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. போகிறபோது கையகலப் பொமரேனியன் குட்டி ஒன்றை என்னிடம் கொடுத்தாள். பெயர் பட்டன்.

"அடிக்காதே மேன். தூங்கி எழுந்தாலும் சரி, சாப்பிட்டாலும் சரி, உடனே வெளியே தூக்கிட்டுப் போ. நீ பார்த்துக்க முடியாத நேரம் ஒரு பெட்டியில வை. தன் படுக்கையை நாய் சுலபத்துல நனைக்காது. ஆனா தண்டனைன்னு மட்டும் உள்ளே தள்ளாதே. அந்தப் பெட்டிதான் அதுக்கு வீடு," என்றாள்.

என் கணவர் தேசிகன் ஒரு தேயிலைப் பெட்டியைப் படுக்கவைத்து, சட்டம் அடித்துக் கதவு போட்டுக் கொடுத்தார். அவருடைய அம்மா பாகீரதி அம்மாளுக்கு மடி, ஆசாரம் என்றால் உயிர். நாயைப் பார்த்த அன்று இரண்டு தரம் குளித்தார்.

"இருக்கட்டும்மா. அலமு பகலெல்லாம் தனியா இருக்கா," என்றார் தேசிகன். அம்மாவிடம் எனக்காக அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சரி. ஆனா ஆத்துக்குள்ள ஒரு சொட்டு விழப்படாது. விழுந்தா கிருஷ்ணப்பாவோட கொட்டாய்க்குப் போயிடும்," என்றார் மாமியார்.

கிருஷ்ணப்பா எங்கள் பால்காரர். அவருடைய மாட்டுக்கொட்டகையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு நாலு நாய்கள் உண்டு. பட்டன் அங்கே ஒரு பொழுது தாங்காது.

நாலைந்து நாள் சமாளித்தேன். ஏகாதசியன்று கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பட்டன் பெட்டியில் முனகியிருக்கிறது. மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. மடித்துணி எடுக்க வைத்திருக்கும் மடிக்கோலால் பெட்டிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். பட்டன் நேராகப் பெருமாள் அறை வாசலுக்குப் போய், கோலத்தின் மேலேயே காரியத்தை முடித்தது.

"திறந்து விட்டது நீங்கதானேம்மா?" என்றேன்.

"ஏகாதசியும் அதுவுமா வாயில்லா ஜீவனை அடைச்சு வைப்பாளோடி? மகாபாவம்!" என்றார். "நாளைக்குக் கார்த்தால கிருஷ்ணப்பா எடுத்துண்டு போகட்டும்."

அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் என் மூளை வேலை செய்யும்.

மறுநாள் காலையில் பாயையும் பட்டனின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவை ஒட்டிய பின்னறையில் போய் உட்கார்ந்தேன். "நான் தூரம்!" என்று குரல் கொடுத்தேன். சுத்தப் பொய்.

மாதத்தில் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பின்னறைதான். தட்டு தனி, சொம்பு தனி. நாங்கள் தொட்டதைத் தொட்டவர் தலைமுழுக வேண்டும்.

"என்னடி இது, போன தடவை உட்கார்ந்து பதினஞ்சு நாள்கூட ஆகலையே?"

"எனக்கென்னம்மா தெரியும்? வந்துடுத்து."

கிருஷ்ணப்பா பால் கேனோடு வந்தார். பட்டனை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவர் கையை நீட்டியதும் மாமியார் அலறினார். "தொடாதே! அவ தூரம்! அந்தக் கையால எனக்குப் பால் ஊத்துவியா? ஏகாதசி உபவாசம் முடிச்சு இன்னிக்குத் துவாதசிப் பாரணைப்பா!"

"பேடம்மா, பேடா! எனக்கு வேணாம்! இன்னும் பத்து வீட்டுக்கு ஊத்தணும். யாராவது கேள்விப்பட்டா என் பொழைப்பு என்ன ஆவறது?" என்று கிருஷ்ணப்பா ரெண்டடி பின்னால் போனார்.

"நாலாம் நாள் வா," என்றார் மாமியார். நான் குனிந்து பட்டனின் காதுக்குப் பின்னால் சிரித்தேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு அடுப்படித் தளிகை இல்லை, பெருக்கல் மெழுகல் இல்லை. பட்டனைத் தவிர வேறு வேலையே இல்லை. கண் விழித்தால் தூக்கிக்கொண்டு போய்க் கொய்யா மரத்தடியில் விடுவேன். தயிர்சாதம் சாப்பிட்டால் மறுபடி அதே மரத்தடி. காரியம் முடிந்ததும் ஊரே கேட்கிற மாதிரி கொஞ்சுவேன். பெட்டிக்குள் சும்மா முனகினால் திறக்க மாட்டேன், அடங்கியதும் திறப்பேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தே வைத்தேன். அதுவாக உள்ளே போய்ச் சுருண்டு படுத்தது.

நாய்க்குட்டியை அடைத்ததற்கு மகாபாவம் என்றவர், எனக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் கோலால் தள்ளிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வந்தேன். மாமியார் மடி உடுத்தித் தளிகை செய்துகொண்டிருந்தார். பட்டன் கொல்லைக் கதவைப் போய்ப் பிறாண்டியது. மாமியார் மடிக்கோலை நீட்டித் தாழைத் தள்ளினார். "தொலை, போயிட்டு வா," என்றார். கிருஷ்ணப்பா வந்தபோது, "இருக்கட்டும், பாக்கலாம்," என்று அனுப்பிவிட்டார்.

நிஜமானது இரண்டு வாரம் கழித்து வந்தது. வழக்கம்போல் பாயை எடுத்துக்கொண்டு பின்னறை வாசல்வரை போனவள் அங்கேயே நின்றேன். ஒன்றுமே இல்லாதபோது தீட்டு என்றேன், எல்லோரும் விலகினார்கள். இப்போது நிஜமாக இருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு எதற்கு இந்த அறை? குளித்துவிட்டு மூன்று நாளும் நானே தளிகை செய்தேன். அதையே பெருமாளுக்கும் படைத்தாயிற்று. மாமியார் சாத்தமுதை, அதாவது ரசத்தை, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் அவர் அந்தத் துவாதசியிலிருந்து விரல்விட்டு எண்ணினார். முகமெல்லாம் சிரிப்பு. "நாள் தள்ளிப் போயிருக்கு போலிருக்கேடி! அக்காரவடிசல் பண்ணட்டுமா?"

அந்தச் சிரிப்பை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. "தள்ளிப் போகலைம்மா. வந்து போயிடுத்து. அப்போ நான்தான் தளிகை பண்ணினேன். சாத்தமுது பேஷா இருக்குன்னேளே, அன்னிக்குத்தான்."

"அப்போ துவாதசியன்னிக்கு?"

"அது பொய். பட்டனுக்காகச் சொன்னேன்."

மாமியார் மடிக்கோலைத் தரையில் ஓங்கி ஊன்றினார். தேசிகன் பேப்பரைத் தாழ்த்தி, "அம்மா..." என்றார்.

"இப்பவே கிருஷ்ணப்பாவைக் கூப்பிடறேன். நாய் போயாகணும்!"

"ஒரு சொட்டு விழுந்தாப் போகட்டும்னேள். அந்தக் கோலத்துக்கப்புறம் அது ஒரு சொட்டுகூட விடலை. தப்பு பண்ணினது நான்னா என்னைக் கேளுங்கோ. அந்த அறையில நான் இனிமே உட்காரப்போறதில்லை."

அந்த நேரம் பார்த்துப் பட்டன் கொல்லைக் கதவைப் பிறாண்டியது. பக்கத்தில் நின்றது மாமியார்தான். அவர் திறக்காமல் இருந்தாலே போதும். சொட்டு விழும், அவர் நினைத்தது நடக்கும். நானும் நகரவில்லை. பட்டன் அவர் முகத்தையே பார்த்து முனகியது, உடம்பை நெளித்தது, ஆனால் அடக்கிக்கொண்டு நின்றது.

மாமியார் கோலை நீட்டித் தாழைத் தள்ளினார். பட்டன் கொய்யா மரத்துக்குப் பறந்தது.

"நீ பழக்கினது ஒழுங்காத்தான் பழகியிருக்கு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நான் பழக்கினதுதான்..."

"நானும் இத்தனை நாள் ஒழுங்காப் பழகிண்டுதாம்மா இருந்தேன். போதும்," என்றேன்.

பின்னறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.