கல்வெட்டில் நான்காவது பெயர்

கரவெட்டியில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோருக்கு ஒரு சிறு நூல் வழங்கப்படும். தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றியுரை ஆகியன அதில் இருக்கும். நாங்கள் அதனைக் கல்வெட்டு என்போம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை நான் எழுதியிருக்கிறேன். பிறர் எழுதினால் பக்கத்துக்குப் பத்துப் பிழை இருக்கும் என்பதற்காக மட்டுமன்று; இக்காலத்தின் சீர்கேட்டை நாலு பேர் படிக்கும்படி சொல்வதற்கு எனக்கு எஞ்சியிருப்பது அதன் முகவுரை ஒன்றுதான்.

அயல்வீட்டு மார்க்கண்டர் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானபோதும் அவ்வாறே எழுதினேன்: "அன்னார் பிறந்த காலத்தில் மக்கள் நோயறியாது வாழ்ந்தனர். தோட்டத்தில் விளைந்ததை உண்டனர். கிணற்றில் ஊறியதைப் பருகினர். இன்றோ நஞ்சை உண்டு, மருந்தை நம்பி வாழ்கிறோம். இதனை முன்னேற்றம் என்பார் பேதையர்." கடைசி வசனத்தை நான் இரண்டு முறை உரத்து வாசித்து மகிழ்ந்தேன்.

இருபத்தாறாம் நாள் காலை, அச்சகத்தார் பிழை பார்க்கத் தந்த தாள்களோடு மார்க்கண்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் உதயகலா என்னிடம் படித்தவள், அவளே வாசித்தாள். அவருடைய மனைவி, வாசிக்கத் தெரியாத அருந்ததி அக்கா, பாயில் கால் நீட்டி இருந்து கேட்டார். பக்கத்தில் பேத்தி கீர்த்திகாவின் குழந்தை தவழ்ந்து திரிந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை அது.

'நோயறியாது' என்ற இடத்தில் அக்கா கையை உயர்த்தினார்.

"நில்லு பிள்ளை. ஆர் மாஸ்ரர் உந்த நோயறியாத ஆக்கள்?"

"அந்தக் காலத்து ஆக்கள், அக்கா."

"நானும் அந்தக் காலத்து ஆள்தானே. எனக்குத் தெரியாமல் எங்கை இருந்தவை?"

உதயகலா சிரித்துவிட்டாள். "அம்மா, சேரின்ரை எழுத்திலையே பிழை பிடிக்கிறியளோ? எங்களாலை ஒருநாளும் ஏலாமல் போன வேலை."

அக்கா சிரிக்கவில்லை. வம்சாவளியை வாசிக்கச் சொன்னார். பிள்ளைகள்: உதயகலா, கனடாவில் இருக்கும் குகதாசன், அமரர் தயாளன்.

"மூண்டில்லை. நாலு," என்றார் அக்கா. "தலைப்பிள்ளை பொம்பிளைப் பிள்ளை. வீட்டிலைதான் பிறந்தது. தொப்புள்கொடியைப் பாக்குவெட்டியாலை வெட்டினவை. ஏழாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கேல்லை. ஒன்பதாம் நாள் ஏற்பு வலி இழுத்துச் செத்துப்போச்சு. கீர்த்திகாவுக்கு வயித்திலை பிள்ளை இருக்கேக்கை, அது வராமல் கிளினிக்கிலை டெட்டனஸ் எண்டு ஏற்பு ஊசி போட்டவை. ஒரு ஊசி, மாஸ்ரர்."

பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்கு என்னும் தீட்டுக் கழியும் அன்றே பிள்ளைக்குப் பெயரிடுவது எங்கள் வழக்கம். அதற்குமுன் இறந்த பிள்ளைக்குப் பெயரில்லை. பெயரில்லாத பிள்ளை வம்சாவளியில் ஏறுவதில்லை. அறுபது கல்வெட்டுகளிலும் அப்படி ஒரு பிள்ளையை நான் எழுதியதில்லை. எவரையும் கேட்டதுமில்லை. ஆயினும் என் முகவுரையில் பிழை கண்டாரே என்ற கோபம் அடங்கவில்லை.

"அப்ப தயாளன், அக்கா? இருபது வயதிலை, சண்டைக்கை ஷெல் விழுந்து போனவன். அந்தக் காலத்திலை ஷெல் இருந்ததோ? உதுவோ முன்னேற்றம்?"

சொன்ன உடனேயே வெட்கினேன். அக்கா என்னை வெறுப்போடு பார்க்கவில்லை.

"நான் உந்த முன்னேற்றத்தைப் பற்றிக் கதைக்கேல்லை, மாஸ்ரர். அவனை ஷெல் கொண்டுபோச்சு, அவளை ஏற்பு கொண்டுபோச்சு. அவனுக்கு உங்கடை புத்தகத்திலை இடமிருக்கு, அவளுக்கு இல்லை. இவரும் போயிட்டார். இனி அவளைக் கண்ட ஆள் நான் ஒருத்திதான்."

"பேர் இல்லையே அக்கா. என்னெண்டு எழுதுறது?"

"பவளராணி."

உதயகலா திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். அவளும் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டாள்.

"வைக்கிறதுக்கெண்டு மனசுக்கை வைச்சிருந்தனான். பிறகு உனக்கு வைக்க மனம் வரேல்லை, பிள்ளை."

அன்று மாலையே நெல்லியடிக்குச் சைக்கிள் மிதித்தேன். அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் கஜானி தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"சேர், ஒன்பது நாள் பிள்ளைக்கும் அமரர் எண்டு போடுறதோ?"

"போடும்."

"முகவுரையிலை அரைவாசியை வெட்டிப்போட்டியள். கீழை வெறுமையாக் கிடக்கு. ஒரு தாமரைப்பூப் போட்டுவிடட்டோ?"

"பூ வேண்டாம். வெறுமையாகவே கிடக்கட்டும்."

அந்த இடத்தில் எழுதியிருக்கக்கூடிய வேறொரு வசனத்தை, நூல் அச்சேறிய பின்னும், அந்தியேட்டிவரை ஐந்து நாளும் மனத்துக்குள் தேடினேன். 'அக்காலமே நன்று' என்று எழுதப் பவளராணி விடவில்லை. 'இக்காலமே நன்று' என்று எழுதத் தயாளன் விடவில்லை.

அந்தியேட்டியன்று பந்தி முடிந்ததும் நூலை அக்காவின் கையில் கொடுத்தேன்.

"எந்த வரி, மாஸ்ரர்?"

அவருடைய விரலைப் பிடித்து அந்தப் பெயரின்மீது வைத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. குழந்தை தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறி, நூலின் மூலையை வாய்க்குள் வைத்து, புதிதாய் முளைத்த இரண்டு பற்களாலும் கடித்தது. கீர்த்திகா பதறிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். ஏட்டின் மூலையை மடித்தவரைக்கூட நான் சும்மா விட்டதில்லை என்பது ஊரறிந்தது.

"விடு பிள்ளை," என்றேன். "இன்னும் முந்நூறு கிடக்கு."