றஹீமா கேட்ட விரால்

கடல் ஊருக்குள் வந்து போய் ஏழு மாதமாகியிருந்தது. சாய்ந்தமருதில் வீடிழந்தவர்களுக்காகக் கரையிலிருந்து தள்ளிக் கட்டிய தகரக் கொட்டில் வரிசையில் ஐந்தாவது கொட்டிலில் முனாபும் அவன் மனைவி றஹீமாவும் இருந்தார்கள். இருபது வருடம் கடலுக்குப் போன முனாபின் தோணி அன்றைக்கே இரண்டாகப் பிளந்துவிட்டது. இப்போது வீடு கட்டும் இடங்களில் கல் சுமந்தான். றஹீமா தன் மூத்தவளான ராத்தா சுஹறாவை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் மீனைத் தொடவில்லை, கடற்கரைப் பக்கம் போகவில்லை. அவள் மட்டுமல்ல, அந்த வரிசையில் எந்த அடுப்பிலும் மீன் வேகவில்லை. எல்லாக் கொட்டிலிலும் பருப்பும் முட்டையும்தான்.

கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்து றஹீமாவின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தின்றதெல்லாம் வெளியே வந்தது. மூன்று மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஒரு நாள் விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு முனாப் வந்தபோது அவள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சாருங்க, எனக்கு மீன் திங்கணும் போல இரிக்கி."

முனாப் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றக் கைதூக்கியவன் அப்படியே நின்றான். "என்ன மீன் புள்ள?"

"கடல் மீன் வேணாம். விரால். நல்லா ஆணம் காய்ச்சி, சுடச்சுடச் சோத்தோட."

அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அவள் மனம் மாறிவிடும் என்று பயந்தான். வேலைக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சம்மாந்துறைச் சந்தைக்கு மிதித்தான். அங்கே இரண்டு விரால்தான் கிடந்தன. கண் வெளுத்து, செவுள் கறுத்து, முதல் நாள் மீன். ஏழு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து கேட்டவளுக்கு இதையா கொண்டுபோய்க் கொடுப்பது என்று நினைத்தவன், சைக்கிளை வீரமுனைக்குத் திருப்பினான்.

வீரமுனையில் கனகசபாபதி இருந்தான். முனாபின் வயதுதான். வேளாண்மை செய்பவன். முன்பெல்லாம் ஒவ்வொரு அறுவடைக்கும் முனாப் கருவாடு கொண்டுபோவான், ஒரு மூட்டை நெல்லோடு திரும்புவான். அப்படி வளர்ந்த சினேகிதம். விசயத்தைக் கேட்டதும் கனகசபாபதி வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சுறா புடிச்ச மனிசன் விராலுக்கு என்னட்ட வந்து நிக்கிறாய். வா, குளத்தில தண்ணி முழங்காலுக்குத்தான் நிக்குது. நான் புடிச்சுத் தாறன்."

"நீ இடத்தக் காட்டு மச்சான், போதும். புடிக்கிறது நான்தான்."

வயலுக்குப் பின்னாலிருந்த குளம் ஆடி வெயிலில் பாதியாக வற்றிக் கிடந்தது. கனகசபாபதி அவன் கையில் ஒரு கரப்பைக் கொடுத்தான். குச்சிகளை வட்டமாகக் கட்டிய கூடை அது. மேல் வாய் சிறியது, கீழ் வாய் அகலம், அடி கிடையாது. தண்ணீருக்குள் சேறு வரைக்கும் குத்தி, மீன் மாட்டினால் மேல் வாயால் கைவிட்டு எடுக்க வேண்டும். இவ்வளவுதானே என்று முனாப் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

ஒரு மணி நேரம் குத்தினான். தாமரைக் கொடி வந்தது, சேறு வந்தது. ஒரு முறை ஏதோ ஆடியது என்று ஆசையாகக் கையை விட்டான். கெளுத்தி முள் விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கரையிலிருந்து கனகசபாபதி சொன்னான்:

"நீ கடலில நிக்கிற மாதிரித் தூரத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறாய். காலடியப் பாரு. விரால் மூச்செடுக்க மேல வரும். குமிழி வாற இடத்தில குத்து."

முனாப் அசையாமல் நின்றான். வெயில் முதுகைச் சுட்டது. இரண்டு முழத்துக்கு அப்பால், அல்லி இலைக்குப் பக்கத்தில் மூன்று குமிழிகள் வந்தன. பாய்ந்து குத்தினான். கரப்பு அவன் கையை உதறிக்கொண்டு ஆடியது. அதன் மேல் நெஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டான். மீன் வழுகியது. பிடித்தான், மறுபடி வழுகியது. கரப்பு சரிந்தது, முனாபும் முகம் குப்புற விழுந்தான். எழும்பியபோது கண்ணும் மூக்கும் தெரியாமல் சேறு. வலது கை விரல்கள் மட்டும் ஒரு விராலின் செவுளுக்குள் இறுகியிருந்தன. முழங்கையை விட நீளமான மீன்.

"விட்டிராத, விட்டிராத" என்று கனகசபாபதி உடுத்த வேட்டியோடு குளத்துக்குள் ஓடிவந்தான். இருவரும் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். முனாப் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. மேலும் மூன்று பிடித்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த கனகசபாபதியின் மனைவி கேதீஸ்வரி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"றஹீமாவுக்கு விரால் கழுவத் தெரியுமா?"

முனாப் யோசித்தான். "கடல் மீன்தான் கழுவியிருக்கா."

"அப்ப சரிவராது. வழும்பு போகாட்டி அந்தப் புள்ள மணத்திலயே சத்தியெடுத்திரும். நானும் வாறன்."

கனகசபாபதியின் லேன்மாஸ்டர் உழவு மெசினில் புறப்பட்டார்கள். பின்னால் பூட்டிய பெட்டியில் முனாபின் சைக்கிள், புதுச் சட்டி ஒன்று, ஒரு பை புது அரிசி, வாளி. வழியில் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரன் வாளியின் மூடியைத் தூக்கினான். பெரிய விரால் துள்ளி அவன் சப்பாத்தில் விழுந்தது. அவன் பின்னால் பாய்ந்து, பிறகு தானே சிரித்துக்கொண்டு, குனிந்து பிடித்துத் தந்தான். இரண்டு தரம் அவன் கையிலும் வழுகிற்று.

கொட்டில் வாசலில் சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் இறங்கிய முனாபைப் பார்த்து றஹீமா முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கேதீஸ்வரி பதறி அருகில் போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மீன் புடிச்சீங்களா, மீன் ஒங்களப் புடிச்சிச்சா?"

கேதீஸ்வரி உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுக் கல்லில் தேய்த்தாள். வழும்பு நுரையாகக் கழன்றது. செதில் சீவி, புளித் தண்ணியில் இரண்டு தரம் அலசி, துண்டைத் தூக்கி றஹீமாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மணக்குதா?"

"இல்ல அக்கா."

அதுவரை எல்லாம் நல்லபடிதான் போனது. சட்டியை அடுப்பில் வைத்த பிறகுதான் தகராறு தொடங்கியது. றஹீமா தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

"விராலுக்குப் பாலா?" என்றாள் கேதீஸ்வரி. "புளியும் மிளகும் வறுத்து அரைச்சுப் போட்டு வத்த விடணும் புள்ள. பால் விட்டா ருசி செத்துப் போகும்."

"பால் இல்லாம ஆணமா? எங்கட உம்மா கேட்டா வாசல்ல ஏத்தமாட்டாக."

கனகசபாபதி முனாபைப் பார்த்தான். முனாப் குளிக்கப் போவதாகச் சொல்லி எழும்பிவிட்டான். கடைசியில் பக்கத்துக் கொட்டிலில் இன்னொரு சட்டி வாங்கி, மீனை இரண்டாகப் பங்கிட்டு, இரண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒன்றில் மிளகும் புளியும் கொதித்தன. மற்றதில் கொச்சிக்காய்த் தூளும் பெருஞ்சீரகமும் தேங்காய்ப்பாலும் மஞ்சளாகத் திரண்டன. கறிவேப்பிலை விழுந்ததும் மணம் தகரங்களைத் தாண்டிப் போனது.

முதலில் வந்தவர் பக்கீர் முகைதீன். வரிசையில் கடைசிக் கொட்டிலில் தனியாக இருப்பவர். கதவடியில் நின்று, "என்ன மீன் புள்ள அது?" என்று கேட்டார். பிறகு அதே வரிசையிலிருந்து சரீபா ஒரு கோப்பையோடு வந்தாள். மத்தியானம் ளுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வாசலில் பன்னிரண்டு பேர். தொழுதுவிட்டு வந்ததும் பாய் விரித்துச் சோறு போட்டார்கள்.

எல்லாரும் றஹீமாவையே பார்த்தார்கள். அவள் பாலாணத்தை முதலில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெதுவாக விழுங்கினாள். சற்று நேரம் பொறுத்தாள். ஒன்றும் மேலே வரவில்லை. அடுத்த வாய் வேகமாகப் போனது. இரண்டாம் தரம் சோறு கேட்டபோது கேதீஸ்வரியின் சட்டிப் பக்கம் தட்டை நீட்டி, "அதையும் போடுங்க அக்கா" என்றாள். மூன்றாம் தரம் தலை கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பக்கீர் முகைதீன். முனாப் கண்ணைத் துடைத்தான். மிளகு உறைப்பு என்று சொன்னான். அவன் தட்டில் இருந்தது பாலாணம்.

இரண்டு சட்டியும் வழித்துத் தீர்ந்த பிறகு சரீபா கேட்டாள்: "நாளைக்கும் குளத்துல மீன் இரிக்குமா?"

"நாளைக்கு நீங்களே வந்து புடிங்க" என்றாள் கேதீஸ்வரி. "அத்தாங்கு வல நாலஞ்சு வீட்டில கிடக்கு."

அவள் சும்மா சொன்னாள் என்றுதான் முனாப் நினைத்தான். மறுநாள் காலை லேன்மாஸ்டர் வந்து நின்றபோது சரீபாவையும் சேர்த்து நான்கு பெண்கள் ஏறினார்கள். ஐந்தாவதாக றஹீமா ஏறினாள்.

குளக்கரையில் மற்றவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். றஹீமா கரையிலேயே நின்றாள். கடல் வந்த நாளுக்குப் பிறகு அவள் கிணற்றடிக்கு அப்பால் தண்ணீரைப் பார்த்ததில்லை. கூட வந்திருந்த முனாப் முன்னால் இறங்கிக் கையை நீட்டினான். அவள் நெடுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அது அசையாமல் கிடந்தது. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து ஒரு காலை வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள்.

"தண்ணி சூடா இரிக்கி" என்றாள்.

பிறகு அவன் கையை விட்டுவிட்டு, கேதீஸ்வரி நிற்கும் இடத்துக்குச் சேற்றில் மெல்ல நடந்து போனாள்.